உப்பு எங்கே இருக்கிறது?

பொத்தானக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய அப்பாவைக் கேட்டால், "சமூகப் பணி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அதற்குமேல் கேட்டால் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அம்மாவைக் கேட்டால், "ஊரார் வீட்டுப் பாத்திரத்தை யார் கழுவறாங்கன்னு விசாரிக்கிற வேலை" என்பாள். உள்ளபடி பார்த்தால் அம்மா சொல்வதுதான் சரி.

அவள் வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு வீட்டுக்குப் போவாள். தரையில் பெரிய துணி ஒன்றை விரிப்பாள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வட்டத்தை அவர்களையே சாக்கட்டியால் போடச் சொல்வாள். பிறகு நசுங்கிப்போன பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து பொத்தான்களைக் கொட்டுவாள். சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், குழந்தைகளின் கவுனிலிருந்து தெறித்த பூப்போட்ட பொத்தான் எல்லாம் கலந்து கிடக்கும். வேலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அதை யார் செய்கிறாரோ அவர் வட்டத்தில் ஒரு பொத்தானை வைக்க வேண்டும். சமையல், தண்ணீர் பிடிப்பது, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவது, காய்ந்த துணியை மடிப்பது, மாத்திரை தீர்ந்துபோனதைக் கவனிப்பது, எதுவும் விடக்கூடாது. முடிவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே வட்டத்தில் குவியலாக இருக்கும். மற்ற வட்டங்களில் நாலைந்து பொத்தான் பேச்சுத்துணைக்கு உட்கார்ந்திருக்கும். யாரையும் திட்டாமல், யாருக்கும் உபதேசம் செய்யாமல், அந்தக் குவியலைக் கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க விடுவதுதான் அவளுடைய தொழில். அதனால்தான் அந்தக் குடியிருப்புகளில் அவளுக்குப் பொத்தானக்கா என்று பெயர் விழுந்தது.

சில ஆண்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. "நானும்தான் சமைக்கிறேன்" என்று மிடுக்காக ஒரு பொத்தானைத் தூக்கித் தன் வட்டத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கென்றே அவள் ஒரு கேள்வி வைத்திருந்தாள். சிரித்த முகத்தோடு, ஏதோ ஞாபகம் வந்தவள்போலக் கேட்பாள்: "உப்பு எங்கே இருக்கு அண்ணா?" நிஜமாகச் சமைக்கிறவருக்கு வாய் திறப்பதற்கு முன் கை அந்தப் பக்கம் நீளும். மற்றவர் கூரையைப் பார்ப்பார். இந்தக் கேள்வியை அவளுடைய நிறுவனம் கையேட்டில் அச்சிட்டது. கையேடு பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல தேசங்களின் சமூகப் பணியாளர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. முகம் தெரியாத எத்தனையோ ஆண்கள், பேர் தெரியாத எத்தனையோ அடுக்களைகளில், அவளால் கூரையைப் பார்த்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூர ஒரு கொண்டாட்டம்.

இந்த வேலையை அவள் உயிராக நேசித்தாள். ஒருமுறை லாரி ஓட்டுநர் ஒருவர் உப்புக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று கத்தினார். அடுத்த வாரம் அவள் தெருவோடு போனபோது அதே மனிதர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் கையிலிருந்த ஈரப் பாவாடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க அவளுக்குப் பசியே எடுக்கவில்லை.

இப்போது அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஆபத்தைக் கொண்டுவந்தவன் லிஃப்ட்காரன்.

அலுவலகத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன ஒரு நாள், பொத்தான் டப்பாவோடு அவள் உள்ளே சிக்கிக்கொண்டாள். பழுது பார்க்க வந்தவன் கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தான். பேச்சு சுவாரஸ்யமாக இருந்ததால் பழுதை வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டான். நல்லவன். சிரிக்கத் தெரிந்தவன். அவனிடம் ஒரே ஒரு குறை, அவன் அம்மாவுக்கு எதிரில் அவனுக்கு நாக்கு எழும்பாது. அந்த அம்மா, அவள் அத்தை என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்த அந்த அம்மா, மகனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு வெயில்ல அலையணும்? வீட்டுல சும்மா இருக்கட்டுமே."

"நீ என்ன சொன்னே?" என்று அவள் கேட்டாள்.

"பாக்கலாம்னு சொன்னேன்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா... பாக்கலாம்தான்."

பார்க்கலாம் என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள், வீடுகளில் வேறு பொருள். அவளுக்கு அவனையும் விட மனசில்லை, வேலையையும் விட மனசில்லை. இதற்கு நடுவில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவனும் அத்தையும் கல்யாணப் பேச்சை முடிப்பதற்காக வீட்டுக்கு வருவதாக இருந்தது.

அதே சனிக்கிழமைதான் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்து இறங்கினார்கள். ஒருவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பேராசிரியை. பல நாடுகளில் சமூகப் பணி கற்றுக்கொடுத்தவர். வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்று உலகம் முழுக்கச் சுற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர் இன்னொரு தேசத்தின் சமூக நலத்துறை அதிகாரி. ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நுழைய வேண்டிய உயரம். நெட்டையர் என்று அவள் அப்போதே மனசுக்குள் பெயர் வைத்துவிட்டாள். பொத்தான் முறையை இரண்டு குடும்பங்களில் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

இதற்கென்று தயாராக வைத்திருந்த மாதிரிக் குடும்பம் காலையிலேயே கம்பி நீட்டிவிட்டது. "போன தடவை வந்தவங்க எங்க குளியலறையைக்கூட போட்டோ எடுத்தாங்க. நாங்க வீட்டுல இல்லை" என்று போனில் சொல்லி வைத்துவிட்டார்கள். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யாரா இருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு குடும்பத்தைப் பிடிம்மா!"

ரெண்டு குடும்பம் என்று காதில் விழுந்ததும் அவள் மூளைக்குள் ஒரு குறும்பு எழுந்து உட்கார்ந்தது. கல்யாணப் பெண்ணாக அத்தையிடம், உங்கள் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், வருகிறவள் தலையில் எவ்வளவு விழும், முடிவெடுப்பது யார் என்றெல்லாம் கேட்க முடியாது. கேட்டால் வாயாடி என்பார்கள். ஆனால் பொத்தானக்காவாக இதையெல்லாம் அவள் உலகத்தையே கேட்கிறாள். துணியை விரித்தால் அத்தை வட்டத்தில் குவியல் ஏறும். அத்தையே அதைக் கண்ணால் பார்ப்பாள். அந்த நேரம் பார்த்து, "இவ்வளவு வேலைக்கு ஒரு பெண் வீட்டோடு இருந்து மாள வேண்டுமா?" என்று பேராசிரியை கேட்பார். வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் அத்தை வேறு என்ன சொல்லிவிட முடியும்? திட்டத்தில் ஓட்டை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு குடும்பம் கிடைச்சாச்சு சார்" என்றாள். "ரொம்ப இயல்பான சூழ்நிலை."

விருந்தாளிகளிடம், ஒன்று தன் சொந்த வீடு, இன்னொன்று வேண்டப்பட்டவர்கள் என்று மட்டும் சொன்னாள். பணியாளரே தன் வீட்டைத் திறந்து காட்டுகிறாரே என்று பேராசிரியை நெகிழ்ந்துபோனார். வீட்டுக்குப் போன் போட்டு, ஆபீஸ் பெரியவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், அவர்களுக்காக நம் பொத்தான் விளையாட்டைக் கொஞ்சம் விளையாடிக் காட்டலாம் என்றாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வரட்டும் வரட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி நமக்கும் ஒரு கெத்துதானே!" அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ஆக மொத்தம் எத்தனை கப்பு?"

சாயங்காலம் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் துணி விரிந்தது. லிஃப்ட்காரன் புதுச்சட்டையில், மடிப்புக் கலையாமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தான். அத்தை கணீர்க் குரல்காரி. வந்ததும் வராததுமாக நெட்டையரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, மகனிடம், "இவருக்கு லிஃப்ட்ல நிக்க முடியுமாடா?" என்று கேட்டாள். அவர் என்னவென்று விசாரித்தபோது, "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்கிறார்" என்று பொத்தானக்கா மொழிபெயர்த்தாள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே வாயாக இருந்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் பதவியின் வசதி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வீட்டுக்கு மூன்று வட்டம், அவன் வீட்டுக்கு இரண்டு வட்டம் போட்டாயிற்று. "முதல்ல சமையல். யார் செய்யறீங்களோ அவங்க வட்டத்துல ஒரு பொத்தானை வைங்க."

அவள் எதிர்பார்த்தது அத்தையின் கையை. முந்திக்கொண்டது அப்பாவின் கை. ஆபீஸ்காரர்கள் பெண்ணுக்குப் பரீட்சை வைக்க வந்திருப்பதாக அவர் முடிவுகட்டியிருந்தார். "எங்க வீட்டுல சமையல் எங்க பொண்ணுதான்" என்று அவள் வட்டத்தில் பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றை டக்கென்று வைத்தார். "ஆபீஸுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாம் முடிச்சு மூடி வெச்சிட்டுத்தான் கிளம்புவா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

அத்தை அசரவில்லை. பெண் வீட்டார் பெருமை அடித்துக்கொண்டால் பிள்ளை வீட்டார் கை கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? "எங்க வீட்டுல சமையல் என் பையன்!" என்று இன்னும் பெரிய பொத்தானாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"அம்மா!" என்றான் லிஃப்ட்காரன்.

"சும்மா இருடா. நடந்ததைச் சொல்றதுல என்ன வெக்கம்?"

பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததைப் போட்டி என்றுதான் சொல்ல வேண்டும். துணி துவைப்பதா? எங்க பொண்ணு. எங்க பையனும்தான், அதுலயும் போர்வைன்னா அவனுக்கு உசிரு. தரை துடைப்பதா? எங்க பொண்ணு மூலை முடுக்கு விடமாட்டா. எங்க பையன் கட்டிலை நகர்த்திட்டுத் துடைப்பான். அப்பா அள்ளிவிட, அத்தை அவிழ்த்துவிட, இரண்டு இளசுகளின் வட்டமும் நிரம்பி வழிந்தது. அப்பா தன் வட்டத்திலும் நாலு பொத்தானைப் போகிற போக்கில் போட்டுக்கொண்டார். இரண்டு அம்மாக்களின் வட்டமும் கழுவிவிட்ட மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

பொத்தானக்கா ஆடிப்போனாள். பொய் என்று சொன்னால் அத்தை முன்னால் அப்பாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் திட்டம் போகும். அவளே யாரிடமும் ஒப்புக்கொள்ளாத இன்னொரு விஷயமும் இருந்தது. தன் வட்டத்தில் அத்தனை பொத்தானைப் பார்க்கக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

பேராசிரியை அம்மாக்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள் இருவரும் என்ன செய்கிறீர்கள்?"

"நானா?" என்றாள் அம்மா. "நான் சும்மாதான் இருக்கேன்."

"நானும்தான்" என்றாள் அத்தை. "வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

"ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்களாம்" என்று மொழிபெயர்த்தபோது பொத்தானக்காவுக்கு நாக்கு லேசாகத் தடுக்கியது.

பேராசிரியை சந்தோஷத்தில் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். எத்தனையோ நாடுகளில் இப்படி விரித்துப் பார்த்தாயிற்று, இளையவர்கள் எல்லா வேலையும் செய்து தாய்மார்கள் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் வீட்டை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். இதைத் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயமாக வைக்கப்போகிறாராம்.

நெட்டையர் அவ்வளவு சீக்கிரம் மயங்குகிறவராகத் தெரியவில்லை. தம் தேசத்தில் குழந்தை பிறந்தால் தகப்பனுக்கும் மாதக்கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, சட்டமே போட்டிருக்கிறார்கள், அப்படியும் அங்கே பொத்தான் இப்படி விழுவதில்லையே என்று முகவாயைச் சொறிந்தார். அத்தைக்கு அது மொழிபெயர்க்கப்பட்டதும், "அந்த லீவுல இவர் என்ன பண்ணினாராம்?" என்று கேட்டாள். கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் காது நுனிவரை சிவந்தது.

"மீன் பிடித்தேன்" என்றார்.

அத்தை தொடையில் தட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்த கையோடு, ரொம்பக் கரிசனமாக அம்மாவிடம் திரும்பினாள். "பாவம், பொண்ணு வீட்டுல இவ்வளவு வேலை பாக்கறா. இதுக்கு மேல வெளியிலயும் போய் எதுக்கு அலையணும்? நான் நெனச்சது சரிதான். கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடட்டும். இப்பவே பேசி முடிச்சிடலாம்."

அப்பா பெருமையோடு தலையாட்டினார். தான் வைத்த பொத்தான்களால் மகளின் வேலைக்கு வேட்டு வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பொத்தானக்கா லிஃப்ட்காரனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். அதிலிருந்து 'பா' என்ற எழுத்து வெளியே வருவதற்குள் அவள் பார்வையிலேயே அடக்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீளமாகப் பேசினாரே, என்ன சொன்னார்?" என்றார் பேராசிரியை.

"தேநீர் நன்றாக இருக்கிறதாம்."

அப்போதுதான் நெட்டையர் தம் பையிலிருந்து கையேட்டை எடுத்தார். ஒரு பக்கத்தில் காகிதத் துண்டு சொருகி வைத்திருந்தார். "சரிபார்க்கும் கேள்வி ஒன்று உண்டே. எங்கள் ஊரிலும் இதைக் கேட்டுத்தான் பல பேரைப் பிடித்தோம்." லிஃப்ட்காரன் பக்கம் குனிந்தார். "உங்கள் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது?"

லிஃப்ட்காரன் கூரையைப் பார்த்தான். தொழில் பழக்கம், அங்கே மின்விசிறி ஆடுவதைக்கூடக் கவனித்தான். "ஷெல்ஃப்ல" என்றான். எந்த ஷெல்ஃப் என்றதும் அசடு வழிந்தது. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நியாயம் என்றால் மகளையும் கேட்க வேண்டும்" என்றார் நெட்டையர்.

கேள்வியை அவளே அவளுக்கு மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எத்தனை பேரைக் கேட்டிருக்கிறாள்! பதில் வராமல் தவிக்கும் அந்த ஒரு நொடியை எவ்வளவு ரசித்திருக்கிறாள்! பதினைந்து அடி தள்ளி, திரைக்கு அந்தப் பக்கம் அவள் பிறந்ததிலிருந்து சாப்பிட்டுவரும் அடுக்களை இருந்தது. கண்ணை மூடிப் பார்த்தாள். தட்டு தெரிந்தது. அம்மாவின் முதுகு தெரிந்தது. உப்பு தெரியவில்லை.

"அடுப்புக்கு இடது பக்கம். மூடி போட்ட டப்பா" என்றாள், தைரியமாக.

நெட்டையர் எழுந்தார். வாசல் நிலையில் குனிந்து அடுக்களைக்குள் போனார். அம்மா பின்னாலேயே ஓடினாள். டப்பாவோடு திரும்பிவந்த நெட்டையர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, தும்மினார். அத்தை எட்டிப் பார்த்தாள்.

"துணிக்குப் போடற சோடா!" அவள் கணீர்க் குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும். "அம்மாடி, இவ கையால சாப்பிட்டா வயிறு வெளுத்துடும்!"

குட்டு உடைந்துவிட்டது. பேராசிரியை பேனாவை மூடினார். முதல் அத்தியாயம் போயிற்று. அப்பா திருதிருவென விழித்தார். பொத்தானக்காவுக்குப் பூமிக்குள் புதைந்துகொள்ளலாம்போல இருந்தது. ஊர் ஊராக, தேசம் தேசமாக அவள் பறக்கவிட்ட கேள்வி சொந்த வீட்டில் வந்து அவள் கழுத்தைப் பிடித்திருந்தது.

அம்மா துணியருகே உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமல், யாரையும் பார்க்காமல், மகளின் வட்டத்திலிருந்து அந்தக் கோட்டுப் பொத்தானை எடுத்துத் தன் வட்டத்தில் வைத்தாள். அடுத்தது துவைப்பது. அடுத்தது துடைப்பது. கோபமாகச் செய்யவில்லை. சாப்பாடு ஆனபிறகு தட்டுகளை எடுத்து அடுக்குவதுபோல எடுத்து அடுக்கினாள். அப்பாவின் நாலு பொத்தான்களும் இடம் மாறின. அவர் செய்தித்தாளுக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பேப்பரை தினம் மடிச்சு வைக்கிறதும் நான்தான்" என்று அம்மா இன்னொரு பொத்தானையும் சேர்த்தாள்.

அத்தை சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். கொஞ்ச நேரம் அம்மாவின் கையையே பார்த்தாள். பிறகு மகனின் வட்டத்தில் இரண்டு கையையும் விட்டு மொத்தத்தையும் வாரித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போர்வையாம் போர்வை! இவன் போத்திக்கிட்ட போர்வையைக்கூட நான்தான் உதறணும்" என்றாள். இரண்டு குவியலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இளசுகளின் வட்டங்களில் சாக்கட்டிக் கோடு மட்டும் மிச்சம்.

"இவர்கள் ஒன்றும் செய்வதில்லை என்றீர்களே" என்றார் பேராசிரியை. "அவர்கள் சொன்ன அந்தச் சொல் என்ன?"

"சும்மா."

"அதற்கு என்ன பொருள்?"

அவள் விளக்கப் பார்த்தாள். காசில்லாமல் கொடுத்தால் சும்மா. காரணமில்லாமல் வந்தால் சும்மா. பேசாமல் இருக்கச் சொன்னாலும் சும்மா. பொழுது விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு பெண் வீட்டில் ஓடி ஓடிச் செய்வதற்கும் அதே சும்மா. பேராசிரியை எழுதிக்கொள்ளவில்லை. "எங்கள் மொழியிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. அம்மாவின் தொழில் என்ன என்று கேட்கும் படிவங்களில் எல்லாம் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்றார்.

அத்தை ஒரு முடிவுக்கு வந்தவளாகத் தொண்டையைக் கனைத்தாள். "இங்க பாரும்மா. நீ வேலைக்கே போ."

பொத்தானக்காவுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "அத்தை?"

"வீட்டுல இருந்து நீ என்ன கிழிக்கப்போறே? உப்புக்கும் சோடாவுக்கும் வித்தியாசம் தெரியாத பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு உன்னையும் நானே பாத்துக்கணுமா? எனக்கு இவன் ஒருத்தன் போதும். தாராளமா வேலைக்குப் போ. காலையில சீக்கிரமாவே போ."

கௌரவமான பச்சைக்கொடி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் பச்சைக்கொடி, பச்சைக்கொடிதானே. லிஃப்ட்காரன் அப்போதுதான் மூச்சையே விட்டான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அத்தை சொன்னதை வரிக்கு வரி விருந்தாளிகளுக்குச் சொன்னாள். கல்யாண விஷயமும் அப்போது வெளியே வந்தது. நெட்டையர் கை தட்டினார்.

பேராசிரியை மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரிடம் ஒரே ஒரு கேள்வி. கல்யாணமாகி மகள் போய்விட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?"

இந்தக் கேள்விக்கு அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துப்பட்டா நுனியைக்கூட எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

அம்மா நிதானமாக யோசித்தாள். பொத்தான் குவியலில் உள்ளங்கையை வைத்து, ரொட்டி மாவைப் பிரிப்பதுபோல நடுவில் பிரித்தாள். ஒரு பங்கை வட்டத்துக்கு வெளியே தள்ளினாள்.

"பாதி குறையும்" என்றாள்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்று அம்மா சேர்த்துக்கொண்டாள். "ஆனா கேக்கறாங்களே, பொய் சொல்லக்கூடாதில்ல. இவ சீக்கிரம் போனாத் தேவலைன்னு சில நாள் இருக்கும்."

"அந்தப் பாதியை இந்தப் பக்கம் தள்ளாதீங்க சம்பந்தியம்மா!" என்று அத்தை தன் வட்டத்துக்குக் குறுக்கே இரண்டு கையையும் வைத்து மறித்தாள். "எனக்கு இருக்கறதே போதும்!" எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பொத்தானக்காவால் சிரிக்க முடியவில்லை. தன்னைப் பிரிவதை நினைத்து அம்மா இத்தனை நாளும் அழுதுகொண்டிருப்பாள் என்று அவள் நம்பியிருந்தாள். அம்மா அழ நேரமில்லாமல் இருந்திருக்கிறாள்.

யாருடைய வட்டத்திலும் சேராமல் அந்தப் பாதி நடுவில் கிடந்தது. அவள் குனிந்து அதிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பொத்தானை எடுத்துத் தன் வட்டத்தில் வைத்தாள்.

"என்ன வேலைன்னு சொல்லிட்டு வை" என்றாள் அம்மா.

"காலையில தேநீர். நாளையிலிருந்து நீ எழுந்திரிக்கறப்போ நான் போட்டு வெச்சிருப்பேன்."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பார்வையில் கேலியும் இருந்தது, பாசமும் இருந்தது.

"நான் எப்போ எழுந்திரிப்பேன்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. பேராசிரியை அவள் தோளைத் தொட்டு, அம்மா என்ன கேட்டார் என்று விசாரித்தார். அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தாள்.